அறுபத்து மூன்றாவது லைலக்

காலை பத்தேகால் மணிக்கு வந்த கடிதத்தை முஹய்யோ மூன்று முறை மனதுக்குள் படித்தாள். நான்காவது முறை நாற்காலி மேல் ஏறி நின்று, பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திப் படித்தாள்.

"முன் இருக்கைக்கு அடியில் உள்ள விசிறியின் மின் இணைப்பு சூடேறி உருகும் வாய்ப்பு இருப்பதால், கீழ்க்கண்ட லைலக் கார்கள் அனைத்தும் உடனடியாகத் திரும்ப அழைக்கப்படுகின்றன! கேட்டுச்சா தோஹிர் அண்ணே? உருகுதாம்! இஸ்ரிக் புகை இல்ல. உருகுதாம்!"

"எறங்கு கீழ," என்றார் பட்டறைத் தலைவர் தோஹிர். "கீழ விழுந்து இடுப்ப ஒடச்சிக்கிட்டா அதுக்கும் நான்தான் படிவம் எழுதணும்."

"எழுதுங்க. காரணம்னு கேக்குற கட்டத்துல சந்தோஷம்னு போடுங்க."

மெக்கானிக்குகள் ஸ்பானரைத் தட்டிச் சிரித்தார்கள். தோஹிர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தேநீர்க் கிண்ணத்துக்குள் பார்த்தார். அவளுக்கு இறங்க மனமே வரவில்லை. இரண்டு மாதமாக அவள் சொன்னதைத்தான் கம்பெனி இப்போது முத்திரை குத்தி அனுப்பியிருந்தது.

நமங்கான் நகரில் புது வண்டிக்கு இஸ்ரிக் புகை காட்டாமல் யாரும் சாவியைத் திருப்புவதில்லை. காய்ந்த செடியைத் தட்டில் வைத்துக் கொளுத்தி, நாலு கதவையும் சாத்தி, கண்ணேறு போகிற வரைக்கும் உள்ளே புகைய விடுவார்கள். வாராவாரம் போடுகிற வீடுகளும் உண்டு. ஏப்ரல் மாதம் முதல் ஆள் வந்து, "வண்டிக்குள்ள ஏதோ கருகுற வாசனை வருது" என்றபோது தோஹிர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இஸ்ரிக் போட்டீங்களா?" போட்டிருந்தார். அடுத்து வந்தவரும் போட்டிருந்தார். போடாதவர் யார்? அத்தோடு விசாரணை முடிந்தது. 'காரணம்: இஸ்ரிக் புகை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைப்பது முஹய்யோவின் வேலை.

பருத்திக்காட்டில் முதுகு வளைந்த குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். மோட்டார் வாகனப் பொறியியல் படித்துவிட்டு வந்தவளை வரவேற்பு மேசையில் உட்கார வைத்தார்கள். பெண் சிரித்தால் வாடிக்கையாளரின் கோபம் தணியுமாம். அவள் சிரிக்கவில்லை. தன் அம்மாவும் வீட்டில் இஸ்ரிக் போடுகிறவள்தான். அந்தக் கசப்பு வாசனை அவளுக்குத் தெரியும். இந்த வண்டிகளில் அடித்தது பிளாஸ்டிக் கருகும் வாசனை. ஆனால் மூக்கைச் சாட்சிக்கு அழைக்க முடியுமா?

சாட்சியாக வந்து சேர்ந்தவர் லாரிசா த்சோய் டீச்சர். கொரியக்காரர், முப்பது வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். இஸ்ரிக் புகை பட்டால் பதினைந்து தும்மல் வரும் என்று எண்ணி வைத்திருப்பவர். அவருடைய லைலக்கில் ஜென்மத்துக்கும் யாரும் இஸ்ரிக் போட்டதில்லை. அதிலும் அதே கருகல் வாசனை! முஹய்யோ பத்தொன்பது புகார்களையும் கடைசியாக டீச்சருடையதையும் சேர்த்து, தோஹிரிடம் சொல்லாமல் நேராகத் தொழிற்சாலைக்கு எழுதிப் போட்டாள். அதற்கு வந்த பதில்தான் இது.

நாற்காலி மேல் நின்றபடியே கடைசி வரிக்கு வந்தாள்.

"எரிவாயு சிலிண்டர் பொருத்திய வண்டிகளை இயக்கவே கூடாது."

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. இறங்கினாள்.

எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெட்ரோல் விற்கிற விலையில் பாதிப் பேர் வண்டியின் பின்பெட்டியில் மீத்தேன் சிலிண்டர் மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். ஆனால் அவள் கண்முன் வந்தது ஒரே ஒரு முகம். ஓய்பெக். வாடகைக்கு ஓட்டுகிறவன். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் சாயங்காலம் வந்து, "முஹய்யோக்கா, விசிறிய குளுகுளுன்னு வைக்கிறப்போ எல்லாம் ஒரு நாத்தம்" என்றான். கடை மூடுகிற நேரம். தோஹிர் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டிருந்தார். உண்மை தெரிந்திருந்தும், தொழிற்சாலைக்கு எழுதியே இரண்டு வாரம் ஆகியிருந்தும், அவள் 'இஸ்ரிக் புகை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவனை அனுப்பினாள். ஒவ்வொரு நாளும் சண்டை போட முடியவில்லை. அவ்வளவுதான். வேறு காரணம் கிடையாது.

அவர்கள் கடையில் விற்றது அறுபத்து மூன்று வண்டிகள். ஓய்பெக்குக்குத்தான் முதலில் போன் போட்டாள். எடுக்கவில்லை. மற்றவர்களைப் பிடித்தாள், நடுநடுவே அவனுக்கும் போட்டாள். ஒருத்தர், "பதினாலு மாசம் வரிசைல நின்னு வாங்கினேன், இப்ப தரமாட்டேன், வேற எவனுக்கோ குடுக்கப் பாக்குறீங்க," என்று வைத்துவிட்டார். அவருக்கு மூன்று முறை பேச வேண்டியிருந்தது. இன்னொருத்தர், "விசிறிதான? போட மாட்டேன். மாமியாரத்தான் கூட்டிட்டுப் போறேன், வேர்க்கட்டும்" என்றார். ஒன்றரை மணிக்குள் அறுபத்திரண்டு பெயர்களுக்கும் டிக் விழுந்தது.

ஓய்பெக்குக்குப் பதினோராவது தடவையும் மணி அடித்தது. எடுக்கவில்லை. வீட்டு நம்பரில் அவன் மனைவி எடுத்தாள்.

"அவரா? கல்யாணப் பொண்ணு வண்டி ஓட்டப் போயிருக்காரு. துராகுர்கான்லேர்ந்து கசான்சாய்க்கு. ரெண்டு மணிக்குப் பொண்ண ஏத்துவாங்க. போனெல்லாம் எடுக்க மாட்டாருக்கா, பாட்டு அலறும். வண்டிய நீங்க பாக்கணும், ரோஜாப்பூ ஒட்டி அப்பிடியே..."

முஹய்யோ மேசையைத் தாண்டிக் குதித்தாள். போக்குவரத்துக் காவலுக்குப் போன் போட்டுக்கொண்டே ஓடினாள்.

"வண்டி நம்பர் சொல்லும்மா."

"நம்பர் பலகை மேல பொண்ணு மாப்பிள்ள பேரு எழுதின ரிப்பன் ஒட்டியிருப்பாங்க சார்."

"என்ன கலர்?"

"வெள்ள."

"கல்யாண வண்டி, வெள்ள லைலக்." அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "இன்னிக்கு சனிக்கிழமம்மா. அந்த ரோட்ல மட்டும் எட்டு கல்யாணம். எல்லாமே வெள்ள. சொல்லி வைக்கிறேன்."

வாசலில் லாரிசா டீச்சர் தன் லைலக்கை நிறுத்திவிட்டு, கையில் அதே கடிதத்தின் நகலை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தார்.

"முஹய்யோ, என் வண்டிய எப்ப பாப்பீங்க?"

"சிலிண்டர் இருக்கா டீச்சர்?"

"எனக்கெதுக்கு? நான் ஸ்கூலுக்கும் சந்தைக்கும் போறவ."

"அப்ப ஏறுங்க! விசிறி போடாதீங்க, ஜன்னல எறக்குங்க, கசான்சாய் ரோட்டுக்கு விடுங்க!"

தோஹிர் கதவோரம் வந்து நின்றார். "ஏய், திரும்ப அழைச்ச வண்டியிலயே போறியா நீ?"

"அழைச்ச வண்டி ஒண்ணு வரலண்ணே, அதான் நான் போறேன்!"

நாற்பது டிகிரி வெயில். ஜன்னல் வழியாக அடித்த காற்று அடுப்புக்குள் தலையை விட்டது போல இருந்தது. டீச்சர் மூக்கின் மேல் கண்ணாடியைத் தள்ளிவிட்டு ஸ்டியரிங்கைச் சாக்பீஸ் பிடிப்பது போலப் பிடித்தார்.

"எவ்ளோ நேரம் ஆகும் அது உருக?" என்றார் டீச்சர்.

"விசிறி முழு வேகத்துல நாப்பது நிமிஷம்னு எழுதியிருக்கு."

"இந்த வெயில்ல மணப்பொண்ணு ஏறின ஒடனே முழு வேகத்துல போட்டிருப்பான். ரெண்டு மணிக்கு ஏறியிருந்தா ரெண்டு நாப்பது. இப்ப ரெண்டு பதினெட்டு. மீதி இருபத்திரண்டு."

"கணக்கு வேணாம் டீச்சர், மிதிங்க!"

துராகுர்கானைத் தாண்டி முசுக்கட்டை மரங்கள் தொடங்கும் இடத்தில் ஊர்வலத்தின் வால் தெரிந்தது. பன்னிரண்டு வெள்ளைக் கார்கள், சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு. ஹாரன் அடித்துக்கொண்டு பாம்பு மாதிரி நெளிந்து போயின. முன்னால் ஒருத்தன் ஜன்னலுக்கு வெளியே இடுப்பு வரைக்கும் தொங்கி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். இன்னொரு காரின் கூரைத் திறப்பில் நின்று ஒருத்தன் நீளக் கொம்பு ஊதினான். அவர்கள் எல்லோருக்கும் முன்னால், ரோஜாப்பூ ஒட்டின ஓய்பெக்கின் வண்டி.

டீச்சர் இடப்பக்கம் ஏறினார். கடைசிக் கார் சட்டென்று அந்தப் பக்கம் வந்து மறித்தது. வலப்பக்கம் போனார். வேறொன்று வந்து மறித்தது. மணப்பெண் வண்டியை எவனும் முந்தக் கூடாது. முந்த விட்டால் மாப்பிள்ளையின் நண்பர்களுக்கு அதைவிட மானக்கேடு இல்லை. முஹய்யோ ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டுக் கத்தினாள்.

"நிறுத்துங்க! தீப்புடிக்கப் போகுது!"

பக்கத்துக் காரில் இருந்தவன் கையை உயர்த்தித் தோளைக் குலுக்கி ஆடிக் காட்டினான். "புடிக்கட்டும்க்கா! கல்யாணம்னா அப்பிடித்தான்!"

"முட்டாப் பயலே!"

"நீங்களும் வாங்கக்கா, பிலாவ் சோறு இருக்கு!"

ரெண்டு இருபத்தொன்பது.

டீச்சர் வண்டியை மெதுவாக்கினார். "என்ன பண்றீங்க டீச்சர்?" என்று முஹய்யோ அலறினாள். டீச்சர் போனை எடுத்து அவள் மடியில் போட்டார். "சோஜிதான்னு இருக்கும் பாரு. ரொட்டி அடுப்பு வச்சிருக்கா, இன்னும் அஞ்சு கிலோமீட்டர்ல, ரோட்டோரம். போடு. ஒலிபெருக்கில போடு."

"ஹலோ?"

"சோஜிதா, நான் லாரிசா டீச்சர்."

"ஐயோ டீச்சர், என் பையன் வீட்டுப்பாடம் எழுதிட்டானே!"

"அத அப்பறம் பாக்குறேன். ஒரு கல்யாண ஊர்வலம் வருது. ரோட்டுக்குக் குறுக்கால கயிறு புடி. தெருவையே கூட்டு. நான் வர்ற வரைக்கும் விடாத. என்ன குடுத்தாலும் விடாத!"

"என்ன கேக்கணும் டீச்சர்? மிட்டாயா, கைக்குட்டையா?"

"ஒண்ணும் கேக்காத. நேரத்தக் கேளு!"

முஹய்யோ டீச்சரைக் கட்டிக்கொள்ளப் பார்த்தாள், வண்டி ஆடியது. இதை ஏன் தான் யோசிக்கவில்லை! கல்யாண வண்டியை எந்தத் தெருக்காரரும் கயிறு பிடித்து மறிக்கலாம். மறித்தால் மாப்பிள்ளை வீட்டார் இறங்கி, ஏதாவது கொடுத்து, சிரித்துப் பேசி, வழி கேட்டே ஆக வேண்டும். போலீஸ் கை காட்டினால் நிற்காதவன்கூட அந்தக் கயிற்றுக்கு நிற்பான். கயிற்றை அறுத்துக்கொண்டு போன மாப்பிள்ளை அந்த வட்டாரத்தில் இன்னும் பிறக்கவில்லை.

ரெண்டு முப்பத்தாறுக்கு ஊர்வலம் நின்றது. முஹய்யோ வண்டி நிற்கும் முன்பே குதித்து ஓடினாள். பன்னிரண்டு கார்களைத் தாண்டி ஓடினாள். முன்னால் பதினைந்து பெண்கள், மாட்டுக்கயிறு ஒன்றை இறுகப் பிடித்து நின்றார்கள். நடுவில் மாவு படிந்த கையோடு சோஜிதா. மாப்பிள்ளைத் தோழன் மிட்டாய்ப் பையை நீட்டிக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"அக்கா, ரெண்டு பை தர்றேன்."

"வேணாம்."

"பட்டுக் கைக்குட்ட?"

"வேணாம்."

"அப்ப என்னதான்க்கா வேணும்?"

"டீச்சர் வரணும்," என்றாள் சோஜிதா.

முஹய்யோ ஓட்டுநர் ஜன்னலுக்குள் கையை விட்டு விசிறியை நிறுத்தினாள். சாவியைத் திருப்பி எடுத்தாள். ஓய்பெக் திடுக்கிட்டுப் பார்த்தான்.

"முஹய்யோக்கா? நீங்க எங்க இங்க?"

"எறங்கு. எல்லாரும் எறங்குங்க. சீட்டுக்கு அடியில தீ."

பின் இருக்கையில் மாப்பிள்ளை, நடுவில் மணப்பெண்ணின் அண்ணி, ஓரத்தில் முகத்திரைக்குள் மணப்பெண். அண்ணி கை நீட்டி மணப்பெண்ணின் மடியை அமுக்கினாள்.

"யாரும்மா நீ? புகுந்த வீட்டு வாசல்ல எறங்க வேண்டிய பொண்ண நடுரோட்ல எறக்கச் சொல்ற? வெறுந்தரைல கால் பட்டா விளங்குமா?"

"வாசனை வரலையா உங்களுக்கு?"

"வரும்! கெளம்புறதுக்கு முன்னாடி நான்தான் இஸ்ரிக் போட்டேன், ரெண்டு கைப்பிடி! வேற எப்பிடி இருக்கும்?"

முஹய்யோ தலையை உள்ளே நுழைத்து மூச்சிழுத்தாள். கசப்பு. அதற்குக் கீழே, தொண்டையைப் பிடிக்கிற பிளாஸ்டிக். இரண்டும் ஒன்றாக. அவளுக்கு அழுகை வந்தது; ஆத்திரம் அதை முந்தியது.

"அது இஸ்ரிக் இல்லம்மா! இஸ்ரிக்குன்னு பொய் எழுதினவளே நான்தான்! இந்த வண்டியோட புகார்ல என் கையெழுத்துதான் இருக்கு. எறங்குங்க!"

"பைத்தியமா இவ? ஓய்பெக் தம்பி, கயித்த எடுக்கச் சொல்லுப்பா, நேரமாகுது..."

அப்போது முகத்திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அண்ணி, என் கால் சுடுது."

எல்லோரும் திரும்பினார்கள். மணப்பெண் பேசக் கூடாது. அவள் பேசினாள்.

"அர மணி நேரமா சுடுது. இன்னிக்கு வாயத் தொறக்காதன்னு நீங்கதான சொன்னீங்க. செருப்பு ஒட்டிக்கிச்சு."

அண்ணி குனிந்து மணப்பெண்ணின் பாவாடை ஓரத்தைத் தூக்கினாள். வெள்ளைத் துணியின் ஓரம் உள்ளங்கையளவு பழுப்பேறி, சுருங்கியிருந்தது. முன் இருக்கைக்கு அடியிலிருந்து நூல் போல ஒரு புகை, அவர்கள் பார்க்கப் பார்க்கக் கயிறு போலத் தடித்தது.

அதன் பிறகு யாரும் யாரிடமும் வாதாடவில்லை. முஹய்யோ பின்பக்கம் ஓடிப் பெட்டியைத் திறந்தாள். சிலிண்டர் தெரியவில்லை. கல்யாணச் சீர் மெத்தைகள், சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகக் கூரை வரைக்கும் திணித்திருந்தார்கள். அதற்குப் பின்னால், எங்கோ, வால்வு. அவள் மெத்தைகளைப் பிடித்து இழுத்து ரோட்டில் எறிந்தாள். ஒன்று, இரண்டு, ஐந்து. சோஜிதா கயிற்றைப் பக்கத்தவளிடம் கொடுத்துவிட்டு வந்து, விழுந்த மெத்தைகளை அள்ளிக் கார் கதவிலிருந்து ஓரத்து மரம் வரைக்கும் விரித்துக்கொண்டே போனாள்.

"நடம்மா தாயி! உன் கால் தரையில படாது, நட!"

மணப்பெண் முகத்திரையை ஒரே இழுப்பில் கழற்றி எறிந்தாள். ஒட்டிய செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு, பட்டு மெத்தைகள் மேல் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அண்ணி பின்னாலேயே ஓடினாள். இருபது வயதுப் பெண், சிவந்த முகம், ஓடும்போது அவள் சிரித்தாள் என்று முஹய்யோ பிறகு சத்தியம் செய்தாள்.

அதுவரை பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை இறங்கி, முன் மூடியைத் திறந்து, பேட்டரியின் வயரைக் கையால் பிய்த்தான். முஹய்யோ மெத்தைக் குவியலுக்குள் இடுப்பு வரைக்கும் நுழைந்து வால்வைத் தொட்டாள். துணிப்பொடி நிறைந்த இருட்டில் அது அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்தாள். முனகிக்கொண்டு, தோஹிரையும் தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு திருப்பினாள். கால் சுற்று. அரைச் சுற்று. இறுகியது.

அவள் வெளியே வந்தபோது முன் இருக்கையில் கைகொள்ளும் அளவுக்குத் தீ எழுந்திருந்தது. வண்டி வாங்கி ஏழு மாதமாகியும் ஓய்பெக் பிரிக்காமல் வைத்திருந்த இருக்கையின் பாலித்தீன் உறை நெளிந்து சொட்டியது. அவன் தீயணைப்பானைத் தேடினான், அதுவும் உறைக்குள், கட்டுப் பிரிக்காமல் இருந்தது. சோஜிதா அவனைத் தள்ளிவிட்டாள். ரொட்டி அடுப்பைத் துடைக்க ஊறப்போட்டிருந்த பெரிய சாக்கைச் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து இருக்கை மேல் போட்டு, முழங்காலால் அமுக்கினாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. ஒரு பெண் வாய்க்கால் மண்ணை வாளியில் அள்ளி வந்து கொட்டினாள். இன்னொருத்தி. இன்னொருத்தி.

தீ அடங்கியது.

பிறகு கொம்பு ஊதுகிறவன், என்ன செய்வதென்று தெரியாமல், ஒரே ஒரு முறை நீளமாக ஊதினான். தெரு முழுக்கச் சிரிப்பு வெடித்தது. அண்ணி மரத்தடியில் மணப்பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதாள். லாரிசா டீச்சர் வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு நாப்பத்து மூணு. மூணு நிமிஷம் பிசகிட்டேன்," என்றார்.

ஓய்பெக் கருகின இருக்கையைப் பார்த்துக்கொண்டே நின்றான். திரும்பி முஹய்யோவைப் பார்த்தான்.

"அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டீங்களா?"

"போட்டேன். எனக்கு எந்தச் சாக்கும் இல்ல ஓய்பெக். எங்க வேணாலும் போய்ச் சொல்லு, நானும் வந்து சொல்றேன்."

அவன் கதவை அறைந்து சாத்தினான். "நல்லா திட்டணும் உங்கள. இப்ப வண்டியப் பாக்கணும். நாளைக்குத் திட்டுறேன்."

"வா. காத்திருப்பேன்."

மாப்பிள்ளைத் தோழன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்தான். மிட்டாய்ப் பை இரண்டையும் முஹய்யோவின் கையில் திணித்தான். "உயிரக் காப்பாத்துனீங்க. பொண்ண ரெண்டாவது வண்டியில ஏத்திக்கிறோம். பிலாவ் ஆறுது, கயித்த எடுக்கச் சொல்லுங்கக்கா."

முஹய்யோ இரண்டாவது வண்டியைப் பார்த்தாள். வெள்ளை. லைலக். மூன்றாவதும் லைலக். நான்காவது வேறு. ஐந்து, எட்டு, ஒன்பது, லைலக். வேறு ஊர்க் கடைகளில் வாங்கியவை. அவள் பட்டியலில் இல்லாதவை. எல்லா ஜன்னல்களும் ஏற்றியிருந்தன. எல்லாவற்றுக்குள்ளும் விசிறி முழு வேகத்தில் ஓடும் சத்தம் ரோட்டில் நின்றபடியே கேட்டது.

மிட்டாய்ப் பையைத் தோழனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"சோஜிதாக்கா! கயித்த எறக்காதீங்க!"

"எறக்குவேனா?" என்றாள் சோஜிதா, சாக்கைப் பிழிந்துகொண்டே.

"எத்தன நேரம்க்கா?" என்று தோழன் அழாத குறையாகக் கேட்டான்.

"நீங்க விசிறிய நிறுத்துற வரைக்கும். ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலயும் நான் கை விட்டுப் பாக்குற வரைக்கும். சிலிண்டர் வச்ச வண்டி எதுவும் இங்கேர்ந்து நகராது. பேரு சொல்லு, உன் வண்டியா இது? எறங்கு."

பெண்கள் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்கள். மணப்பெண் மரத்தடியிலிருந்து எழுந்து, வெறுங்காலோடு மெத்தைகள் மேல் நடந்து வந்து, அந்தக் கயிற்றின் முனையைத் தானும் பிடித்துக்கொண்டாள். முஹய்யோ இரண்டாவது வண்டியின் கதவைத் திறந்து மண்டியிட்டாள்.